ஏழாம் நம்பர் பேரன்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உயரம் பயமில்லை, இருட்டு பயமில்லை, இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து கத்துகிற பெரிய மனிதர்களும் பயமில்லை. முப்பது வருஷமாக அவன் பயந்தது ஒரே ஒரு நாளுக்குத்தான். அந்த நாள் வந்துவிட்டது. அதைத் தேடி அவனே டிக்கெட் எடுத்து, ஜன்னலோரமாக உட்கார்ந்து, பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான்.

பக்கத்து சீட்டில் அத்தை. இந்த வினைக்கெல்லாம் மூலகாரணம் அவள்தான். காரணமானவளுக்குக் கொஞ்சமாவது உறுத்த வேண்டுமே? வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, எழுந்திருங்க. அவர் வந்தா என்ன சொல்லப்போறோம்?"

"யார் வந்தா?"

"எங்கப்பா."

அத்தை ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "வரட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டாள்.

விஷயத்தை மறைப்பானேன்? அந்த மனிதர் அவனுக்கு அப்பா இல்லை. அத்தை அவனுக்கு அத்தை இல்லை. பண்ணையில் காத்துக்கொண்டிருந்த தாத்தாவும் பாட்டியும் அவனுக்குத் தாத்தாவும் இல்லை, பாட்டியும் இல்லை. இந்த உண்மை ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் அந்தக் கிழவனும் கிழவியும் மட்டும்தான்.

நடந்தது இதுதான். அவனுக்கு அப்போது ஆறு வயசு. நகரத்தில் அத்தை வீடு மாடியில்; அவனும் அம்மாவும் கீழ் வீட்டில். நிஜ அப்பா அவன் நடக்கப் பழகும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா காலையில் தையல் மிஷினில் உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழுந்திருப்பாள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து அறுந்த நூல் பொறுக்குவதுதான் அவனுக்குக் கிடைத்த கோடை உல்லாசம். அந்த வருஷம் அத்தையின் அப்பா, பேரப்பிள்ளைகளைப் பண்ணைக்கு அழைத்துப் போவதற்காகக் காய்கறி ஏற்றும் வேனோடு வந்து வாசலில் நின்றார். அத்தை பிள்ளைகள் மூன்று, அத்தையின் அண்ணன் பிள்ளைகள் மூன்று, ஆறு பேரும் பையோடு பின்னால் ஏறினார்கள். அவனும் ஏறினான். எல்லோரும் ஏறினார்கள், அதனால் ஏறினான். இதைவிட நல்ல காரணம் அவனுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. ஆறு பேரும் மூச்சு விடவில்லை. பந்து விளையாட ஓர் ஆள் குறைந்துகொண்டே இருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள்.

பாதி வழியில் வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற இறங்கிய தாத்தா பின்னால் வந்து எண்ணிப் பார்த்தார். பழக்கதோஷம், கோழிகளையும் அப்படித்தான் எண்ணுவார். ஏழு வந்தது. மறுபடி எண்ணினார். மறுபடியும் ஏழு.

"இது யார் வீட்டுப் புள்ளை?" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் வெளியே வந்துவிட்டார்.

முன்சீட்டிலிருந்து இறங்கி வந்த அத்தை அப்போதுதான் அவனைப் பார்த்தாள். தன் அப்பாவை அவளுக்குத் தெரியும். அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம் என்று தெரிந்தால் நடுரோட்டில் வெளுத்து வாங்கிவிட்டு, மூன்று மணி நேரம் திரும்பி ஓட்டி, அங்கே போய் இன்னொரு முறை வெளுப்பார். அந்த அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"நம்ம சின்னவனோட புள்ளைப்பா. படிப்புக்காக என்கிட்ட விட்டிருக்கான்."

சின்னவன் என்பது அவள் தம்பி. பத்தொன்பது வயசில் பண்ணையின் பம்பு மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் திருதிருவென்று விழித்தவன். ஒரு வயல் பூராவும் காய்ந்தது. "இனிமே என் கண்ணு முன்னாடி நிக்காதே" என்றார் தாத்தா. எல்லா அப்பாக்களும் வாரத்துக்கு ஒரு முறை சொல்கிற வார்த்தைதான். எல்லாப் பிள்ளைகளும் சாப்பாட்டு நேரம்வரை விலகி நின்றுவிட்டு வந்துவிடுவார்கள். இவன் போனவன் போனவன்தான். எட்டு வருஷமாகத் தகவல் இல்லை. அக்காவுக்கு மட்டும் எப்போதாவது ஒரு போன்.

அத்தை சொன்னதைக் கேட்டதும் தாத்தா வேனை ஒரு முறை சுற்றி வந்தார். பிறகு அவனை அலக்காகத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்து, தன் தண்ணீர் பாட்டிலை அவன் மடியில் வைத்தார். "உங்கப்பன் நல்லா இருக்கானா?" என்று கேட்டார். அத்தை பின்னாலிருந்து இடித்த இடியில் அவன் "இருக்காரு" என்றான். வயசைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எங்கேயோ கொஞ்சம் இடிக்கத்தான் செய்தது. தாத்தா கூட்டவும் இல்லை, கழிக்கவும் இல்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அதற்கப்புறம் யாரால் உண்மையைச் சொல்ல முடியும்? அடுத்த கடைக்கு வந்ததும் அத்தை அவன் அம்மாவுக்குப் போன் போட்டு, "உங்க பையன் எங்களோடதான் இருக்கான், ஒரு மாசம் கழிச்சு அனுப்பறேன்" என்றாள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த வருஷம் தாத்தாவே, "ஏழு எங்கே?" என்று கேட்டுத்தான் வண்டியை எடுத்தார். தாத்தாவுக்கு மாடுகளின் பேர் மறக்காது; பேரப்பிள்ளைகளின் பேர் மட்டும் நிற்காது. அதனால் எல்லோருக்கும் நம்பர். இவன் ஏழு. பன்னிரண்டு கோடைக்காலம் அவன் அந்தப் பண்ணையில் ஏழாகவே வாழ்ந்தான். பின்னால் வேலைக்குப் போன பிறகும், மோட்டாரைப் பார்க்கிறேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு வருஷம் தவறாமல் வந்துபோனான்.

சும்மா வாழ்ந்தானா? 'அப்பா'வைப் பற்றித் தகவல் வேறு கொடுக்க வேண்டியிருந்தது. கிழவர் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டே, பெரிதாக அக்கறை இல்லாத மாதிரி கேட்பார்.

"மீசை வெச்சிருக்கானா?"

"வெச்சிருக்காரு தாத்தா."

"பெரிசா?"

"ரொம்பப் பெரிசு."

இப்படி வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அவன் ஓர் அப்பாவைக் கட்டி எழுப்பினான். ஆறடி உயரம், பெரிய மீசை. வேலை மட்டும் அத்தையின் உபயம்: கப்பலில் என்றாள். கப்பல் என்றால் ஏன் வீட்டுக்கு வருவதில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். பண்ணை முழுக்க அந்த அப்பாவைப் பற்றித்தான் பேச்சு. "உங்கப்பனை மாதிரியே திங்கறான்." "உங்கப்பனை மாதிரியே தூங்கறான்." பாட்டி அவன் காது மடலைத் திருகிப் பார்த்து, இது நம்ம குடும்பத்துக் காது என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். அப்பா இல்லாத பிள்ளைக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பொய் என்று தெரியும். தெரிந்தும் ராத்திரியில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு அந்தக் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

ஒன்பது வயசில் அவன் பம்பு மோட்டாரைப் பிரித்தான். யாரும் சொல்லவில்லை, உள்ளே என்ன சத்தம் போடுகிறது என்று பார்க்க ஆசை. பம்பு ரூம் தரை முழுக்கத் திருகும் வளையமுமாகப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தாத்தா வாசலில் வந்து நின்றார். முகம் சிவந்தது. வாய் திறந்தது. பாட்டி ஓடி வந்தாள். அத்தை பையனைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக நின்றாள். தாத்தா வாயை மூடிக்கொண்டு, மூலையில் கிடந்த இரண்டு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார். நாலு நாள். உருளைக்கிழங்குப் பாத்தி முழுவதற்கும் கிழவர் ஒரு பக்கம், பாட்டி ஒரு பக்கம் வாளியில் தண்ணீர் தூக்கினார்கள். அவன் நாலு நாளும் மாட்டினான், கழற்றினான், மாட்டினான். நாலாம் நாள் சாயங்காலம் மோட்டார் ஓடியது. இன்றைக்கு நகரத்தில் பதினெட்டு லிஃப்டுகள் அவன் கைபட்டு ஏறி இறங்குகின்றன என்றால் அது அந்த நாலு நாளில் வந்தது.

அவனைத் தின்றதும் அதுதான். தாத்தாவின் அந்தப் பொறுமை அவனுக்கென்று வந்ததே இல்லை. சின்னவன் பிள்ளைக்கு வந்தது. அடுத்தவன் பேருக்கு வந்ததைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவன் மாதிரி, முப்பது வருஷமாக அவன் 'நன்றி' என்று ஒரு வார்த்தை சொல்ல வாயெடுப்பான், சொல்லாமல் விழுங்குவான். உண்மையைச் சொல்லாமல் நன்றி சொல்வது எப்படி? உண்மையைச் சொன்னால் ஏழாம் நம்பரே இல்லையே, அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்தக் கேட்டைத் திறப்பது?

போன வாரம்தான் குண்டு வெடித்தது. சின்னவன் பண்ணைக்கே போன் செய்து, "வரட்டுமாப்பா?" என்று கேட்டிருக்கிறார். தாத்தா "வா" என்று சொல்லிவிட்டு டக்கென்று வைத்துவிட்டார். முப்பத்தெட்டு வருஷத்துச் சண்டை இரண்டே வார்த்தையில் முடிந்தது. வைத்த கையோடு லிஃப்ட் மெக்கானிக்குக்குப் போன். "ஏழு! உங்கப்பன் வரான். நீயும் வந்துரு. ரெண்டு பேரும் என் கண்ணு முன்னாடி ஒண்ணா நிக்கணும்."

"அவர்கிட்டயாவது சொல்லிட்டீங்களா அத்தை?" என்று அவன் பஸ்ஸில் மறுபடி உலுக்கிக் கேட்டான்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். நேரமே அமையல."

"முப்பது வருஷமாவா?"

"போன்ல சொல்ற விஷயமாடா இது? கவலைப்படாதே. நாலு மணி பஸ்லதான் வரான். நான் ஸ்டாப்லயே நின்னு பிடிச்சு, எல்லாத்தையும் சொல்லிக் கூட்டிட்டு வரேன். நீ வாயைத் திறக்காம இரு."

அவன் வாயைத் திறப்பதென்று முடிவு செய்தே வந்திருந்தான். அத்தைக்குத் தெரியாது.

பண்ணைக்குப் போய்ச் சேர்ந்ததும், முதலில் பாட்டியிடம் சொல்லிவிடலாம் என்று நேராக மாட்டுக் கொட்டகைக்குப் போனான். பாட்டி சும்மா நிற்கிற ஆளைக் கண்டால் பொறுக்காதவள். வா என்று சொல்வதற்கு முன்பே அவன் கையில் ஒரு வாளியைத் திணித்தாள்.

"இதை அந்தப் பக்கம் கொண்டு போய் வை. அங்கே இல்ல, அங்கே."

"பாட்டி, நான் ஒண்ணு சொல்லணும். நான் உங்க பேரன் இல்ல."

பாட்டி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏண்டா, ஒரு வாளி தூக்கச் சொன்னதுக்கு உறவையே முறிச்சுக்குவியா? உங்கப்பனுக்கு இருக்கிற அதே ரோஷம்! போ, போய்க் கன்னுக்குட்டியைப் பிடி."

அவன் கன்றுக்குட்டியைப் பிடித்தான். வேறென்ன செய்ய?

தாத்தாவிடம் போனான். கிழவர் அறையில் கண்ணாடி முன்னால் புதுச் சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எண்பத்திரண்டு வயசு. வேலியை ஒற்றை ஆளாக நிமிர்த்தி நடுகிற கைகளுக்கு ஒரு பொத்தான் அடங்கவில்லை.

"தாத்தா, உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"அப்புறம் சொல்லு. நீ வெளியே போய் உள்ளே வா."

"எதுக்கு?"

"உங்கப்பன் மாதிரி வாடா. நான் பேசிப் பாக்கணும்."

அவன் வெளியே போய் உள்ளே வந்தான்.

"வா" என்றார் தாத்தா விறைப்பாக.

"வந்துட்டேன்ப்பா."

"இளைச்சுப் போயிட்டியே."

"தாத்தா, அவர் இளைச்சிருக்காரா, குண்டாயிருக்காரான்னு பாத்துட்டுச் சொல்லுங்க."

"எந்த அப்பனும் இப்படித்தாண்டா சொல்வான். மறுபடி வா."

மூன்று முறை போய் வந்தான். மூன்று முறையும் இளைத்துப் போனதோடு பேச்சு நின்றுவிட்டது. தாத்தா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அதுக்கு மேல என்னடா பேசறது? முப்பத்தெட்டு வருஷம்."

"அந்தப் பம்பு விஷயம்..."

"அதை எடுத்தா நான் கத்திருவேன். என்னை எனக்குத் தெரியும்." போடாத பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். "நல்லவேளை நீ இருக்கே. அவன் கோபத்துலயும் புள்ளையை அனுப்பினான் பாரு, அந்த ஒண்ணை வெச்சுக்கிட்டுத்தான் நான் இவ்வளவு நாள் இருந்தேன். பேச்சு வரலன்னா உன்னைப் பிடிச்சு அவன் முன்னாடி நிறுத்திருவேன். நீ நின்னா போதும்."

லிஃப்ட் மெக்கானிக் திறந்த வாயை மூடினான். குனிந்து அவருக்கு மிச்சப் பொத்தான்களைப் போட்டுவிட்டான். அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

மூன்றரைக்கே அத்தை குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பினாள். சின்னவன் அந்த பஸ்ஸில் வரவில்லை. அதற்கு முந்தின பஸ்ஸில் வந்து, வாசல் வழியாக வர வெட்கப்பட்டு, பின்பக்கமாக உருளைக்கிழங்கு வயலில் இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி.

"யாரது, பாத்தியை மிதிச்சுக்கிட்டு?" என்று பாட்டி குரல் கொடுத்தாள்.

"நான்தாம்மா."

பாட்டி பகலில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அங்கேயே புல்லுக்கட்டு மேல் உட்கார்ந்தாள். "பாத்தியை மிதிக்காம வா" என்றாள். அதற்கப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சத்தம் கேட்டுத் தாத்தா வந்தார். பின்னாலேயே ஏழு. வந்து நின்றவருக்கு ஐம்பத்தேழு வயசு. குள்ளம், வழுக்கை, உருண்டு திரண்ட தொப்பை. முகத்தில் மீசை இருந்த அடையாளமே இல்லை. லிஃப்ட் மெக்கானிக் தாத்தாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"வா" என்றார் தாத்தா.

"வந்துட்டேன்ப்பா."

"இளைச்சுப்..." என்று ஆரம்பித்தவர் தொப்பையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஒத்திகை எல்லாம் அதோடு சரி. கிழவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஏழின் தோளைப் பிடித்து ஒரே தள்ளாக முன்னால் தள்ளினார். "இந்தா, உன் புள்ளை. ஒரு குறை வெக்கல. நல்லாத்தான் வளத்திருக்கோம்."

சின்னவன் லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்த்தார். லிஃப்ட் மெக்கானிக் சின்னவனைப் பார்த்தான்.

"என் புள்ளையா? எனக்கு ரெண்டும் பொண்ணாச்சேப்பா" என்றார் சின்னவன்.

தாத்தா கண்ணைச் சுருக்கினார். "மீசை எங்கடா?"

"நான் எப்ப மீசை வெச்சேன்?"

"கப்பல்ல இருந்து நேரா வரியா?"

"எந்தக் கப்பல்? நான் பேக்கரி வெச்சிருக்கேன்ப்பா." ஆதாரமாக அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஆறு ரொட்டி.

அந்த நேரம் பார்த்து அத்தை குடையை வீசிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அப்பா, அவன் அந்த பஸ்ல வரவே..." என்றவள் தம்பியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். குடையை விரித்து அதற்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

இனி யாரும் காப்பாற்ற மாட்டார்கள். லிஃப்ட் மெக்கானிக் தொண்டையைச் செருமினான்.

"நான் இவர் புள்ளை இல்ல தாத்தா. அத்தை வீட்டுக்குக் கீழ் வீட்டுப் பையன். எங்கம்மா தையல் தைக்கறவங்க. அன்னைக்கு எல்லாரும் வேன்ல ஏறினாங்க, நானும் ஏறிட்டேன். மீசை நான் சொன்ன பொய். கப்பல் அத்தை சொன்ன பொய். எல்லாமே பொய்."

தாத்தா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று எல்லோரும் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். கிழவர் திரும்பினார். மெதுவாக நடந்து பம்பு ரூமுக்குள் போனார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

பாட்டிதான் முதலில் பேசினாள். "காது?" என்றாள்.

"அது என் காதுதான் பாட்டி. எங்கம்மா வழி."

பாட்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பொய் சொன்னப்போ உனக்கு ஆறு வயசு. இவளுக்கு என்ன கேடு?" என்று குடையைக் காட்டினாள். குடை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

அவன் உள்ளே போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்தான். பம்பு ரூம் கதவு பழைய பலகை, இடுக்கு விட்டிருந்தது. உள்ளே கிழவர் இருப்பது தெரிந்தது, முகம் தெரியவில்லை. இதுவரை விழுங்கியதை எல்லாம் இப்போது கதவைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"தாத்தா, உங்களை அப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இல்ல. வேற எப்படிக் கூப்பிடறதுன்னும் தெரியல. நீங்க ரெண்டு பேரும் நாலு நாள் எனக்காக வாளியில தண்ணி தூக்கினீங்க. நான் இன்னைக்குச் சாப்பிடற சோறு அது. மத்தவங்க எல்லாரையும் திட்டற மாதிரியே என்னையும் திட்டினீங்க. எங்க வீட்டுல என்னைத் திட்டறதுக்குக்கூட ஆள் இல்ல, எங்கம்மாவுக்கு நேரம் இருக்காது. லீவு விட்டா எனக்குப் போக ஒரு இடம் இருந்துச்சு தாத்தா. ரொம்ப நன்றி. இத்தனை வருஷமா சொல்லாம இருந்ததுக்கு மன்னிச்சிருங்க."

கதவு திறக்கவில்லை. அவன் ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினான்.

சின்னவன் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, கொஞ்சம் இரு. நாலு நாளா?"

"ஆமாங்க." அப்பா என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது. "நான் பம்பைப் பிரிச்சுட்டேன். ஒன்பது வயசு. மாட்டறதுக்கு நாலு நாள் ஆச்சு."

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"ஒரு வார்த்தை சொல்லல."

சின்னவன் அங்கே கிடந்த காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். பெட்டியிலிருந்த ஒரு ரொட்டியை எடுத்துப் பிய்த்தார், சாப்பிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "எனக்கு நாலு நிமிஷம் குடுக்கல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு பொறாமைக்காரக் குழந்தை மாதிரி சொன்னார். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டார்: "நீ என் புள்ளைன்னுதானே நினைச்சுக்கிட்டிருந்தாரு. என்னைப் பத்தி உன்கிட்ட ஏதாவது பேசுவாரா?"

அப்போதுதான் லிஃப்ட் மெக்கானிக்குக்கு உறைத்தது. தன் கையில் பன்னிரண்டு கோடைக்காலத்துச் சரக்கு அப்படியே இருக்கிறது. இவருக்குச் சேர வேண்டியது. பையைக் கீழே இறக்கிவைத்தான். அவருக்கு எதிரில் மண்ணிலேயே உட்கார்ந்தான்.

"பேசாத நாள் கிடையாதுங்க. 'உங்கப்பன் கிணத்துல தலைகீழாக் குதிப்பான், சத்தமே வராது'ம்பாரு. உங்களுக்கு ஜுரம் வந்தப்போ உங்களைத் தோள்ல போட்டுக்கிட்டு ரெண்டு மைல் நடந்தேன்னு சொல்லுவாரு."

"மூணு மைல்" என்றது பம்பு ரூம்.

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். கதவு அப்படியேதான் மூடியிருந்தது. சின்னவன் கூடையோடு முன்னால் நகர்ந்தார். "மேல சொல்லு" என்றார் அவர், ஏறக்குறைய கெஞ்சலாக.

"உங்கப்பன் கறந்தா மாடு உதைக்காதும்பாரு. அவன் போனப்புறம் அந்த மாடு மூணு நாள் பால் தரலம்பாரு."

பாட்டி புல்லுக்கட்டிலிருந்து எழுந்து வந்து நின்றாள். "அது அவர் கறந்த லட்சணம்" என்றாள். குடை மெல்ல மடங்கியது.

"அப்புறம் அந்த நாலாம் நாள்" என்றான் அவன். "மோட்டார் ஓடினதும் நான் துள்ளிக் குதிச்சேன். தாத்தா ஓடற தண்ணியில காலைக் கழுவிக்கிட்டே சொன்னாரு. எனக்குப் புரியல அப்போ. 'அன்னைக்கு உங்கப்பனையும் இப்படி விட்டிருக்கணும்டா. நான்தான் அவசரப்பட்டுட்டேன். விட்டிருந்தா அவனும் மாட்டியிருப்பான்.' அப்படின்னாரு."

சின்னவன் ரொட்டியை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை. பாட்டி மட்டும் பார்த்தாள்.

உள்ளே தாழ்ப்பாள் எடுக்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. தாத்தா நின்றார். புதுச் சட்டையின் முன்பக்கம் கண்ணைத் துடைத்துக் கசங்கியிருந்தது. மகனைப் பார்க்காமல், மண்ணில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து விரலை நீட்டினார்.

"நான் அப்படிச் சொல்லல."

லிஃப்ட் மெக்கானிக் எழுந்து நின்றான். "தாத்தா..."

"மாட்டியிருப்பான்னு மட்டும் சொல்லல. என்னைவிட நல்லா மாட்டியிருப்பான்னு சொன்னேன்." குரல் உடைந்தது, உடைந்ததை மறைக்க இன்னும் உரக்கக் கத்தினார். "எதையும் அரைகுறையா சொல்லாதே. உட்காருடா ஏழு. முதல்ல இருந்து சரியாச் சொல்லு, அவன் கேக்கட்டும்."

ஏழு உட்கார்ந்து முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.